வயதேறும் மூளைக்குள் என்ன மாறுகிறது? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவனிடம் ஊர்ச்சனம் கேட்பது பெரும்பாலும் டெங்கு, சீனி வருத்தம், சிறுநீரகம் பற்றித்தான். அண்மைக்காலமாக மறதி பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. முதியோர் சங்கக் கூட்டங்களில் கேட்டவை, மாணவரின் பெற்றோர் கேட்டவை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை என்று எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை. மருந்து சொல்லவும் மாட்டேன். மூளைக் கலங்களுக்குள் நடப்பதைப் பாடப்புத்தகம் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் விளக்கப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. ஆட்களின் பெயர் உடனே வருவதில்லை. இது வயதின் மறதியா, வருத்தமா?

பெயர் நாக்கு நுனியில் நின்று, கொஞ்சம் கழித்துக் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் பயம் வேண்டாம். கவனிக்க வேண்டியவை வேறு. பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பது, காலமெல்லாம் போய்வந்த சந்தைக்கு வழி தவறுவது, ஆணம் காய்ச்சும்போது எதற்குப் பிறகு எதைப் போடுவது என்று திகைத்து நிற்பது, கடையில் மிச்சக்காசு எண்ணத் தடுமாறுவது, சாந்தமாக இருந்தவர் வீட்டாரையே கள்ளர் என்று சந்தேகிப்பது. ஆறு மாதத்துக்கு முன் தானாகச் செய்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

ராகமைப் பகுதியில் செய்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 4% பேருக்கே முதுமறதி நோய் இருந்தது. அதாவது பெரும்பாலான முதியவர்களுக்கு இது வருவதில்லை. "வயசுபோனா அறளை பேரத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை.

வயதுபோகப் போக மூளைக் கலங்கள் செத்துக்கொண்டே போகின்றனவாமே?

அப்படித்தான் முன்பு படிப்பித்தார்கள். இப்போது படம் கொஞ்சம் மாறியிருக்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்ன கணக்கு இது. நோயில்லாத முதுமையில் இவற்றில் பெரும்பங்கு உயிரோடுதான் இருக்கும். குறைவது அவற்றுக்கிடையிலான தொடுப்புகள். கலத்தின் கிளைகளில் முள்ளுமுள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய முனைப்புகளில்தான் ஒரு கலம் இன்னொன்றோடு பேசுகிறது. அந்த முனைப்புகள் சுருங்குகின்றன, சில இல்லாமலே போகின்றன. ஞாபகத்துக்கும் திட்டமிடுவதற்கும் உரிய பகுதிகளில் இது அதிகம்.

காரணங்களில் முதலாவது சக்தி. உடல் எடையில் 2% மட்டுமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஒட்சிசனில் 20% அளவை இழுத்துக்கொள்கிறது. அவ்வளவு சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் வயதோடு களைக்கின்றன. ஒட்சியேற்றும் மூலக்கூறுகளை முன்னையைவிடக் கூடுதலாகக் கசியவிடுகின்றன. அவை புரதத்தையும் கொழுப்பையும் டி.என்.ஏ.யையும் தாக்கும். தோல்கலம் பழுதடைந்தால் உதிர்ந்து புதியது வரும். நரம்புக் கலத்துக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் பிறந்தபோது இருந்த அதே கலம்தான் 80 வயதிலும் தன் டி.என்.ஏ.யைத் தானே தைத்துத் தைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

2004இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 26 வயது முதல் 106 வயது வரை வாழ்ந்து இறந்த 30 பேரின் மூளையின் முன்பகுதியை எடுத்து, எந்தப் பரம்பரையலகு (ஜீன்) எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். கற்றலுக்கும் ஞாபகத்துக்கும் தேவையான ஒரு தொகுதி, 40 வயதுக்குப் பிறகு மெல்ல மெல்ல அடங்கிப்போவது தெரிந்தது. பழுது பார்க்கும், தற்காத்துக்கொள்ளும் பரம்பரையலகுகள் அதே காலத்தில் மும்முரமாகின. அடங்கிப்போனவற்றின் தொடக்கப் பகுதிகளில்தான் டி.என்.ஏ. சேதமும் கூடுதலாக இருந்தது. இன்னொன்றும் கவனத்துக்குரியது: 40க்கும் 70க்கும் இடையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது. அந்த வயதினரில் ஒருவரின் மூளை இளைஞருடையதைப் போல இருந்தது; இன்னொருவருடையது அப்படியில்லை.

எபிஜெனெடிக் என்று ஒரு சொல் அடிபடுகிறதே. என்ன அது?

உங்கள் ஈரல் கலத்திலும் மூளைக் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஒன்று பித்தம் சுரக்கிறது, மற்றது நினைக்கிறது. எந்தப் பரம்பரையலகு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் வித்தியாசம். அந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனெடிக் என்கிறார்கள்.

வயல்காரருக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் எல்லா வட்டைக்கும் பொது. எந்த வாய்க்காலின் கதவு எப்போது திறக்கும் என்பதை வட்டவிதானை பார்த்துக்கொள்வார். வயலும் மாறாது, குளமும் மாறாது. கதவு மாறினால் விளைச்சல் மாறும்.

கலத்தில் அந்த வேலையைச் செய்யும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மெதைலேற்றம். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் சைற்றோசின் என்பதன்மேல் மெதைல் கூட்டம் என்ற சில அணுக்களின் சிறிய சேர்க்கை வந்து ஒட்டும். பரம்பரையலகின் தொடக்கத்தில் அது அதிகமாக ஒட்டினால் அந்த அலகு பெரும்பாலும் அடங்கிவிடும். மற்றது ஹிஸ்டோன் மாற்றம். ஒரு கலத்துக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றி வைத்திருப்பதால்தான் அது உட்கருவுக்குள் அடங்குகிறது. ஹிஸ்டோனில் அசற்றைல் கூட்டம் ஏறினால் சுற்று தளர்ந்து பரம்பரையலகு வாசிக்கப்படும், கழன்றால் இறுகிவிடும்.

1942இல் கொன்ராட் வடிங்டன் என்ற பிரித்தானிய உயிரியலாளர் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது டி.என்.ஏ.யின் அமைப்பே தெரியாது. அது தெரிந்தது 1953இல்.

இந்த மெதைல், அசற்றைல் அடையாளங்கள் வயதோடு மாறுமா?

மாறும். அதுவும் கணக்கு வைத்து மாறும். ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் 2013இல், டி.என்.ஏ.யின் 353 இடங்களில் உள்ள மெதைலேற்றத்தை வைத்தே ஒருவரின் வயதைச் சில வருட வித்தியாசத்துக்குள் சொல்லலாம் என்று காட்டினார். பின்னர் அதே அளவீட்டை உடலின் பல பகுதிகளில் செய்தபோது, சிறுமூளை மற்றப் பகுதிகளைவிட மெதுவாக மூப்படைவது தெரிந்தது. ஏன் என்பதற்கு முழுப் பதில் வரவில்லை.

ஸ்பெயினில் செய்து 2005இல் வெளியான இரட்டையர் ஆய்வும் இதோடு சேர்ந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்குச் சிறுவயதில் இந்த அடையாளங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். வயது ஏறி, வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்களில் அவை விலகிப் போயிருந்தன.

கனடாவிலிருக்கும் மகள் "உயிரியல் வயது" சோதனைக்கு எச்சில் அனுப்பச் சொல்கிறாள். செய்யலாமா?

வேண்டாம், காசாவது மிஞ்சும். எச்சிலிலும் இரத்தத்திலும் உள்ள அடையாளங்கள் அந்தக் கலங்களுக்கு உரியவை. நரம்புக் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது. "உங்கள் வயது 68, உடல் வயது 71" என்று வரும் தாளை வைத்து எந்த வைத்தியரும் சிகிச்சை மாற்ற மாட்டார்.

முதுமறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

1901இல் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருவர் கொண்டுவரப்பட்டார். ஞாபகக் கோளாறும் கணவர்மேல் தீராத சந்தேகமும் அவருக்கு இருந்தன. பார்த்தவர் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர். 1906இல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்து, இரண்டு விஷயங்களை விவரித்தார்: கலங்களுக்கு வெளியே படிவுகள், கலங்களுக்குள்ளே முறுக்கிய நார்கள்.

வெளியே இருப்பது அமிலோயிட் பீற்றா. ஒரு பெரிய புரதம் வெட்டப்படும்போது வரும் சிறு துண்டு. எல்லா மூளையிலும் உண்டாகும், எல்லா மூளையும் அதை அகற்றும். உண்டாவது கூடினாலோ அகற்றுவது குறைந்தாலோ படியத் தொடங்கும். அந்தப் பெரிய புரதத்துக்கான பரம்பரையலகு 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. டவுன் குறைபாட்டோடு பிறப்பவர்களுக்கு அந்த நிறமூர்த்தம் மூன்று. ஆகவே 40 வயதாகும்போது அவர்கள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் படிவுகள் இருக்கும். எங்கள் ஊர்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே இருப்பது டவ் என்ற புரதம். சாதாரணமாக அது கலத்தின் நீண்ட நாருக்குள் பொருள் போகும் பாதையைத் தாங்கி நிற்பது. அல்சைமரில் அதன்மேல் பொஸ்பேற்றுக் கூட்டங்கள் அளவுக்கு மீறி ஏறி, பாதையை விட்டுக் கழன்று முறுக்கிக்கொள்கிறது. ஆளின் மறதி, அமிலோயிட் எவ்வளவு என்பதைவிட டவ் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதோடுதான் கூடப் பொருந்துகிறது. மூன்றாவது பங்காளி மூளையின் துப்புரவுக் கலங்களான மைக்ரோகிளியா. ஆரம்பத்தில் கழிவை விழுங்கி உதவும். நாட்பட்ட அழற்சியில் நல்ல தொடுப்புகளையும் சேர்த்து விழுங்கும்.

எபிஜெனெடிக் பக்கத்துக்கு வந்தால், 2014இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தனித்தனியாக வேலை செய்த இரண்டு குழுக்கள், அல்சைமர் மூளைகளில் ஏ.என்.கே.1 என்ற பரம்பரையலகின் மெதைலேற்றம் மாறியிருப்பதைக் கண்டன. ஒருவர் கண்டதை மற்றவரும் காண்பது இந்தத் துறையில் சாதாரணமல்ல, அதனால் அதற்கு மதிப்பு. அதற்கு முன் 2012இல், ஹிஸ்டோனிலிருந்து அசற்றைலைக் கழற்றும் எச்.டி.ஏ.சி.2 என்ற நொதியம் அல்சைமர் மூளையின் ஞாபகப் பகுதியில் கூடியிருப்பதாக வேறொரு குழு சொல்லியிருந்தது. அது கூடினால் ஞாபகத்துக்கான பரம்பரையலகுகள் இறுகி மூடும். எலிகளில் அதைக் குறைத்தபோது ஞாபகம் ஓரளவு திரும்பியது.

ஆனால் இறந்தபின் எடுத்த மூளையில் காணும் மாற்றம், நோயைக் கொண்டுவந்ததா, நோயால் வந்ததா என்று பிரிப்பது மிகக் கடினம். பத்திரிகைத் தலைப்புகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

மூளையில் படிவு இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் தங்கள் மூளையை இறந்தபின் ஆராய ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் 101 வயது வரை நல்ல அறிவோடு வாழ்ந்தார். மூளையைத் திறந்தால் படிவுகள் நிறையவே இருந்தன. எப்படித் தாங்கினார் என்பதற்குப் பல விளக்கங்கள். அவற்றுள் ஒன்று ரெஸ்ட் என்ற புரதம். 2014இல் வெளியான ஹாவர்ட் ஆய்வின்படி, ஆரோக்கியமாக மூப்படையும் நரம்புக் கலங்களில் ரெஸ்ட் கூடுகிறது. கலத்தைக் கொல்லக்கூடிய பரம்பரையலகுகளை அடக்கி வைக்கிறது. அல்சைமர் மூளைகளின் உட்கருவில் அது காணாமல் போயிருந்தது.

எங்கட வாப்பா நாற்பது வருஷம் வயலுக்கு மருந்தடிச்சவர். இப்ப மறதி. அதுதான் காரணமா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தனி ஒருவருக்கு "இதுதான் காரணம்" என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

2009இல் ஒரே கரு இரட்டையர் இருவரின் மூளைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் இரசாயனப் பொறியியலாளர், வேலையில் பூச்சிநாசினிகளோடு பழகியவர். அவருக்கு அல்சைமர் வந்தது. மற்றவர் அறிவுத் தெளிவோடு இருந்து வேறு நோயில் இறந்தார். நோய் வந்தவரின் நரம்புக் கலங்களில் மெதைலேற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரே டி.என்.ஏ., இரண்டு முடிவுகள். கேட்க அதிர்ச்சியாக இருந்தாலும் இது ஒரே ஒரு சோடி; இதை வைத்து வழக்கு நடத்த முடியாது.

கை நடுங்கி நடை மந்தமாகும் பார்க்கின்சன் நோயில் ஆதாரம் இதைவிடப் பலமானது. அமெரிக்காவில் பூச்சிநாசினி தெளிப்பவர்களிடையே செய்து 2011இல் வெளியான ஆய்வில், பரகுவாட் பாவித்தவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. இழைமணிகளைக் குழப்பும் இரசாயனங்கள் மூளையின் கருநிறப் பகுதியில் டோபமின் சுரக்கும் கலங்களைக் குறிவைத்துத் தாக்குகின்றன. அங்கே அல்பா சினுக்ளியின் என்ற புரதம் கட்டியாகச் சேர்கிறது. பரகுவாட் இலங்கையில் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. நஞ்சருந்தி இறப்பதைக் குறைக்கத்தான் அந்தத் தடை. மூளைக்கும் அது நல்லதாகப் போயிற்று.

வாப்பாவுக்கு இனி மாற்ற ஏலாது. மகன்மாருக்குச் சொல்லுங்கள்: சாரமும் வெறுங்காலுமாக டாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். கையுறை போடுங்கள். அடித்த உடுப்பை வீட்டு உடுப்போடு தோய்க்கக் கொடுக்காதீர்கள்.

யுத்தமும் சுனாமியும் எங்கட பரம்பரையலகில் பதிந்துவிட்டதா? பிள்ளைகளுக்கும் போகுமா?

படுவான்கரையிலும் கரையோரத்திலும் இதைக் கேட்காத கூட்டம் இல்லை.

நேரடியாக அனுபவித்தவர்களில் அடையாளம் பதிவதற்கு ஆதாரம் உண்டு. 2004இல் கனடாவில் எலிகளில் காட்டினார்கள்: தாய் நக்கி அரவணைத்து வளர்த்த குட்டிகளுக்கும் அப்படிக் கிடைக்காத குட்டிகளுக்கும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பரம்பரையலகின் மெதைலேற்றம் மூளையில் வேறுபட்டது. நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தில் கருவுற்ற பிள்ளைகளை 60 வருடம் கழித்துப் பார்த்தபோது, ஐ.ஜி.எவ்.2 என்ற பரம்பரையலகில் அவர்களின் சொந்தச் சகோதரங்களைவிட மெதைல் குறைந்திருந்தது. 2013இல் எவ்.கே.பி.பி.5 என்ற பரம்பரையலகில், சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்களில், அதுவும் ஒரு குறிப்பிட்ட மரபு வகை உள்ளவர்களில் மட்டும், மெதைல் கழன்றிருப்பது தெரிந்தது.

அனுபவிக்காத அடுத்த தலைமுறைக்கு இது கடத்தப்படுகிறதா என்பது வேறு கேள்வி. 2016இல் பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வில் நாசி இனப்படுகொலையிலிருந்து தப்பிய 32 பேரும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரும்தான் இருந்தார்கள். அதுவும் இரத்தத்தில் பார்த்தது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் எதையும் நிலைநாட்ட முடியாது. விந்தும் முட்டையும் உருவாகும்போதும், கரு தொடங்கும்போதும் மெதைல் அடையாளங்களில் பெரும்பங்கு அழித்தெழுதப்படுகிறது. தாயின் துக்கமோ தகப்பனின் குடியோ பிள்ளையைப் பாதிக்க டி.என்.ஏ. தேவையில்லை, ஒரே வீட்டில் வளர்வதே போதும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: கிழக்கில் பிறக்கும் பிள்ளையிடம் "உன் இரத்தத்திலேயே யுத்தம் இருக்கிறது" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. மேடையில் கைதட்டு வாங்க இது நல்ல வசனமாக இருக்கலாம்.

சுனாமியும் முதியோர் மூளையும் பற்றி ஜப்பானில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2011 சுனாமிக்கு முன்பே இவானுமா நகரத்து முதியவர்கள் ஓர் ஆய்வில் இருந்தார்கள்; பின்னர் அவர்களையே மறுபடி பார்த்தார்கள். வீடு அழிந்தவர்களின் அறிவாற்றல் கூடுதலாகச் சரிந்தது. உறவினரை இழந்தது அப்படிச் சரிவோடு பொருந்தவில்லை என்பது எதிர்பாராத முடிவு. மனச்சோர்வும், அயலோடு பழகுவது குறைந்ததும் அந்தச் சரிவில் ஒரு பங்கை விளக்கின. எங்கள் பக்கத்துச் சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கல்வீடு கிடைத்தது, வேலிக்கு மேலால் பேசிய பழைய அயல் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

அம்மம்மாவுக்கு இருந்தது, இப்போது அம்மாவுக்கும். எனக்கும் வருமா?

65 வயதுக்குப் பிறகு தொடங்கினால், உங்கள் வாய்ப்பு மற்றவரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. அப்போ ஈ என்ற பரம்பரையலகின் நான்காம் வகை ஒன்று இருந்தால் அல்சைமர் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பார்கள். இரண்டும் இருந்து நோய் வராதவர்களும் உண்டு, ஒன்றுமே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. 40, 50 வயதிலேயே பல தலைமுறைகளில் தொடர்ந்து வந்தால் அது வேறு வகை, மிக அரிது.

அந்த அரிய வகையிலும் விதிவிலக்கு உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியாப் பகுதியில், ஒரு பரம்பரையலகு மாற்றத்தால் 44 வயதளவில் ஞாபகம் குறையத் தொடங்கும் ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அதே மாற்றத்தோடு பிறந்த ஒரு பெண்ணுக்கு எழுபது வயதுவரை பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று 2019இல் எழுதினார்கள். அப்போ ஈயில் அவருக்கு இருந்த இன்னோர் அரிய மாற்றம் அவரைக் காத்ததாகக் கருதப்படுகிறது.

இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

அமிலோயிட்டையும் டவ்வையும் இரத்தத்தில் அளக்கும் சோதனையொன்றுக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. அது, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும்.

எங்கள் ஊர் ஆளுக்கு அதைவிட முந்திப் பார்க்க வேண்டியவை மலிவான சோதனைகள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, இரத்தத்தில் சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று. எல்லாமே முதியவரை மறதிக்காரராகக் காட்டும். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. சீனிக்கு நெடுநாள் மெற்போமின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பதை ஞாபகம் வையுங்கள். மனச்சோர்வும் அப்படித்தான். துணையை இழந்த பெரியவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கேட்டதற்கு "தெரியாது" என்று மட்டும் சொன்னால் அது மறதி நோயாக இல்லாமலும் இருக்கலாம். ஒரே இரவில், அல்லது இரண்டொரு நாளில் குழம்பிப்போனால் காத்திருக்கவே வேண்டாம்; அன்றே ஆஸ்பத்திரிக்கு.

எடுக்கும் குளிசையாலேயே மறதி வருமா?

வரும். தும்மலுக்கும் கடிக்கும் பிரிட்டோன் என்று கடையில் கேட்டு வாங்கும் சிறிய மஞ்சள் குளிசை குளோர்பெனிரமின். ஞாபகத்துக்குத் தேவையான அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையை அது தடுக்கும். நித்திரை வரும் என்று முதியவர்கள் தினமும் போடுகிறார்கள். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் வைத்தியர் தரும் அமிட்ரிப்ரிலினும் அதே வகை. வைத்தியர் தந்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் நீங்களாக வாங்குவதை நிறுத்தலாம்.

இல்லாத ஆட்களை வீட்டுக்குள் காண்கிறார். ஓதிப் பார்த்தோம், நூல் கட்டினோம்.

செய்தது தப்பில்லை. அத்தோடு வைத்தியரிடமும் காட்டுங்கள். மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், மிருகம் போகிறது என்று தெளிவாக விவரிப்பது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம், நடை மந்தம், நித்திரையில் கை கால் வீசிக் கத்துவது ஆகியவை சேர்ந்திருந்தால் லூயி பொடி என்ற முதுமறதி வகையாக இருக்கலாம். பார்க்கின்சனில் சேரும் அதே அல்பா சினுக்ளியின் இதில் மூளையின் மேற்பட்டைக்கும் பரவியிருக்கும். சில மனநோய் மருந்துகள், முக்கியமாக ஹலோபெரிடோல், இவர்களுக்குக் கடுமையாகத் தாக்கும். ஆகவே இந்த அறிகுறிகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சீனி வருத்தமும் பிரஷரும் மூளையைப் பாதிக்குமா?

பாதிக்கும். மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களைக் கெடுப்பவற்றில் இவை முன்னணியில் நிற்கின்றன. பாரிசவாதம் வராமலே சத்தமில்லாத சிறு அடைப்புகள் சேர்ந்து மறதியாகும். கிளினிக்கை விடாதீர்கள்.

காது கேளாததற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு?

2024இல் லான்செற் என்ற மருத்துவ ஆய்விதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் உலகில் முதுமறதி நோயில் ஏறக்குறைய 45% அளவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் நடுவயதில் காது மந்தமாவது முன்வரிசையில், கூடாத கொலஸ்ற்ரோலுக்குச் சமமாக, 7%. கேளாத காதுள்ள மூளைக்கு வேலை குறைகிறது. ஆளும் பேச்சு வார்த்தையிலிருந்து ஒதுங்குகிறார். கண்ணாடி போடுவதை யாரும் வெட்கமாக நினைப்பதில்லை. காதுக் கருவி என்றால் மட்டும் "கிழடாகிவிட்டேனா" என்கிறார்கள். ஆணைக்குழுவின் பட்டியலில் சிறுவயதுக் கல்விக் குறைவும் இருக்கிறது. யுத்தத்தில் பள்ளிக்கூடம் இழந்த தலைமுறை இப்போது அறுபதை நெருங்குகிறது.

வல்லாரை, மஞ்சள், வெற்றிலை?

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு. சாப்பிடுங்கள், ஆனால் அது மறதியை மாற்றும் என்று மனிதரில் உறுதியாக நிறுவவில்லை. மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுகூடத்தில் அமிலோயிட்டை ஒட்டிப் பிடிக்கும், ஆனால் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். பாக்கிலுள்ள அரிக்கோலின் அசற்றைல்கோலினைப் போல நடிப்பதால், ஒரு காலத்தில் அல்சைமர் நோயாளருக்கே ஏற்றிப் பார்த்தார்கள். அதைக் கேட்டு வெற்றிலைப் பெட்டியை எடுக்காதீர்கள். பாக்கு புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம் 2004இலேயே முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது.

இந்த எபிஜெனெடிக் மாற்றங்களைத் திருப்ப முடியாதா? மருந்து வந்துவிட்டதா?

சில அடையாளங்கள் தாமாகவே திரும்பும். சிகரெட் பிடிப்பவரின் இரத்தக் கலங்களில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற பரம்பரையலகின் மெதைல் குறையும். விட்டுவிட்டால் வருடக்கணக்கில் மெல்ல ஏறிவரும். நடைப்பயிற்சிக்கும் நேரடிச் சோதனை உண்டு: 2011இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஒரு வருடம், கிழமைக்கு மூன்று நாள், 40 நிமிடம் நடந்தார்கள். அவர்களின் ஞாபகப் பகுதி 2% பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. கல்லடிக் கடற்கரையில் விடியற்காலை நடப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நடக்கவில்லை, இருந்தாலும் பலன் அவர்களுக்கும்தான்.

மருந்தால் திருப்புவது கடினம். கதவுகளில் எதைத் திறப்பது என்று தெரிவுசெய்யும் மருந்து இல்லை. எல்லாம் திறந்தால் புற்றுநோய் போன்ற வேறு ஆபத்து. வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேற்று, ஹிஸ்டோன் நொதியங்களையும் தடுக்கும். அதை அல்சைமர் நோயாளருக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த முடிவு 2011இல் வந்தது. பலன் இல்லை, மூளைச் சுருக்கமோ கூடியிருந்தது. அமிலோயிட்டை அகற்றும் லெக்கனெமாப் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. 18 மாதத்தில் சரிவை 27% மெதுவாக்குகிறது, நிறுத்துவதில்லை. மூளை வீக்கம், கசிவு வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இதற்காகக் காணி விற்று வெளிநாடு போக நினைப்பவர்கள், ஆரம்ப நிலையில் மட்டுமே அது பலன் தரும் என்பதையும் சேர்த்து யோசிக்கவும்.

இந்த ஆய்வுகளுக்கு மூளை எங்கிருந்து கிடைக்கிறது?

இறந்தபின் கொடுக்கச் சம்மதித்தவர்களிடமிருந்து. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். மேலே நான் சொன்ன மடங்குகளும் அவர்களிடையே எடுத்த கணக்குகளைத்தான் பெரிதும் சார்ந்தவை. எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தால் உலகம் முழுவதற்கும் கண் கொடுத்த நாடு இது. மூளையை ஆய்வுக்குக் கொடுப்பது பற்றிக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ இன்னும் பேச்சே எழவில்லை.

எங்கே காட்டுவது? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கல்முனை அல்லது அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்கோ போகலாம். ஏற்கெனவே கிளினிக் போகிறவர் என்றால் முதலில் அங்கேயே சொல்லுங்கள். எங்கே அனுப்புவது என்று அவர்கள் எழுதித் தருவார்கள். கிளினிக் கொப்பி, எடுக்கும் எல்லாக் குளிசைகளும் ஒரு பையில், கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட. கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் போட்டுக்கொண்டே போகவும். கூடப் போகிறவர் தினமும் அவரோடு இருக்கிறவராக இருக்க வேண்டும். கட்டாரிலிருந்து லீவில் வந்த மகன் கூட்டிப்போனால், எப்போது தொடங்கியது, எது முதலில் மாறியது என்று கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்பார். சமைத்துக் கொடுக்கிற மருமகளுக்கு அது திகதியோடு தெரிந்திருக்கும்.